சி.எஸ்.வி.யில் காணாமல் போன சிவப்பு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெல்ட்டக்கா என்றுதான் பெயர். பல வருடம் அங்கே ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்துவிட்டவள். ஒருநாள் கனத்த ஆசாமி ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இடுப்பில் அகலமான பெல்ட். இனி யாரையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலக அறைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். சும்மா ஒன்றும் உட்கார வைக்கவில்லை. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எக்செலில் இருந்த சாப்பாட்டு அட்டவணை அவள் கைவேலை. ஒரு வரிக்கு ஓர் ஆள். சர்க்கரைக்காரர் பெயர் மஞ்சள் கட்டத்தில், விழுங்கத் திணறுபவர் பெயர் சிவப்புக் கட்டத்தில். சிவப்பென்றால் எல்லாவற்றையும் அரைத்துத்தான் தர வேண்டும். கட்டியாக ஏதாவது போனால் தொண்டையை அடைக்கும், அல்லது நுரையீரலுக்குள் இறங்கும். இல்லத்துச் சமையற்காரம்மா நிறத்தைப் பார்த்தே கரண்டி எடுப்பாள்.

இந்த மாதம் சமையலை வெளியே ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டார்கள். அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உங்க எக்செல் எங்க ப்ரோக்ராம்ல ஏறாது. சி.எஸ்.வி.யா மாத்தி அனுப்புங்க."

"அது என்னய்யா புதுக் கூத்து?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் எழுத்து, நடுவுல கமா, அவ்வளவுதான். சேவ் பண்ணும்போது சி.எஸ்.வி.ன்னு தேர்ந்தெடுங்க. அதை வச்சு ஒவ்வொரு தட்டுக்கும் சீட்டு தானா அச்சாகும்."

"எழுத்து ஏதும் விட்டுப்போகாதே?"

"ஒரு எழுத்துகூடப் போகாது. என் தலை மேல சத்தியம்."

அவர் சொன்னது பொய்யில்லை. எழுத்து ஒன்றும் போகவில்லை.

அவர் சொன்னபடியே செய்தாள். ஏதோ சில அம்சங்கள் போய்விடலாம் என்று திரையில் ஓர் எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. அந்தக் கம்ப்யூட்டர் எதற்குத்தான் எச்சரிக்காது? சரியென்று அழுத்தினாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாக, சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. நிம்மதியாக அனுப்பிவிட்டு மூடினாள்.

மறுநாள் மதியம், மகள் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரை எடுக்க அந்தப் புதுக் கோப்பைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது. சி.எஸ்.வி.யில் எழுத்துதான் தங்கும், நிறம் தங்காது, மூடித் திறக்கும்வரை திரை பழைய நிறத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நிறம் இல்லையென்றால் சீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான். புதுக் காண்ட்ராக்டின் முதல் சாப்பாடு இன்றைக்குத்தான். தட்டு வண்டி மாடிக்குப் போய்விட்டது. சிவப்புக்காரர்கள் ஐந்து பேரும் மாடியில்தான். மாடிக்குப் போன் அடித்தாள், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்டும் மேலேயே நின்றது. கைப்பிடியைப் பிடித்துப் படியேறினாள். பெல்ட் விலாவைக் கடித்தது. மூச்சுவாங்கிக்கொண்டே ஆட்களை நினைவுபடுத்திப் பார்த்தாள்: கணக்கு டீச்சர், போலீஸ்காரர், கப்பல்காரர், இரட்டையரில் மூத்தவள். ஐந்தாவது ஆள் யார்? மண்டைக்குள்ளும் வெள்ளைக் கட்டம்தான் தெரிந்தது.

மேலே புதிதாகச் சேர்ந்த பணிப்பெண் தட்டுகளை வைத்து முடித்திருந்தாள்.

"தட்டை எடு! எல்லாத் தட்டையும் எடு!"

"இப்பத்தானேக்கா வச்சேன். பாவம், பசியில இருக்காங்க."

"பசி கெடக்கட்டும்டி. எடு முதல்ல!"

நால்வரின் தட்டிலும் கை படவில்லை. ஊட்டிவிட ஆள் வந்தால்தான் அவர்கள் சாப்பிட முடியும். தானாக எடுத்துச் சாப்பிடக்கூடியவர் யாரென்று யோசித்ததும் ஐந்தாவது ஆள் நினைவுக்கு வந்தார். தையல்காரர். பக்கவாதம் இடப்பக்கத்தைத்தான் கொண்டுபோனது. கத்தரி பிடித்த வலது கை இன்னும் கெட்டி.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் பொரித்த கோழியை மென்றுகொண்டிருந்தார். ஒரு வருடம் கூழைக் குடித்தவர் முகத்தில் கல்யாணக் களை.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் மூச்சை உள்ளே இழுப்பார், மூச்சோடு கோழியும் போகும். ஓடி வந்தவள் நடையை மெதுவாக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து, பிடரியில் கைவைத்து, அவர் முகவாயை மெல்லக் கீழே சாய்த்தாள். இன்னொரு உள்ளங்கையை உதட்டடியில் ஏந்தினாள்.

"பேசாதீங்கண்ணே. இதுல துப்பிடுங்க."

அவர் முறைத்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். தொண்டைக் குமிழ் ஒருமுறை மேலேறி இறங்கியது. அவள் உயிரும் கூடவே ஏறி இறங்கியது. இருமினால்கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் முகம் நீலம் பூத்தால் அவ்வளவுதான்.

"இதே கோழிய அரைச்சு நானே எடுத்துட்டு வர்றேன். காரம்கூட குறையாது. துப்புங்க."

அவர் யோசித்தார். பெரிய மனது பண்ணித் துப்பினார்.

"மென்னு முடிச்சாச்சும்மா," என்று குழறினார். "முழுங்க மட்டும்தான் பாக்கி."

"அந்தப் பாக்கிதான் உங்களைக் கொண்டுபோயிருக்கும்."

ஆவென்று குரல் கொடுக்கச் சொன்னாள். தொண்டையில் ஏதும் தங்கிய களகளப்பு இல்லை. நர்ஸும் வந்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டு, சரியென்றாள். அதற்குப் பிறகுதான் பெல்ட்டக்கா உள்ளங்கையிலிருந்த கோழியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சொன்னபடி கோழியை அரைத்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள். பழைய எக்செலில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுத்தில் அடித்தாள்: அரைத்தது மட்டும், சர்க்கரை கூடாது, சாதாரணம். மீண்டும் சி.எஸ்.வி.யாக மாற்றி, மூடி, திறந்து பார்த்தாள். அனுப்பிவிட்டுக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள்.

"திறந்து வாசிங்க."

"எதைக்கா?"

"எல்லா வரியையும்."

அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் உள்ளே வந்தார். "அந்த ஃபைல அனுப்பினது யாரு?"

"நான்தான் சார். வாசிச்சு முடிக்கட்டும், அப்புறம் திட்டுங்க."

திட்டும் கிடைத்தது. வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டு வண்டி வந்ததும் லிஃப்ட் வாசலிலேயே மறித்து, சீட்டைப் படித்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். வண்டி தள்ளி வந்தவர் சிரித்தார்.

"இன்னும் நம்பிக்கை வரலியாக்கா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியைத் திறந்தாள்.