நாலாவது தூணும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தது அவரோடு வேலை பார்க்கிறவர்கள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னாலே கால் வெடவெடக்கும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருக்குப் போய் வேலை எங்கே தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காவில், புது ரோலர் கோஸ்டர் கட்டும் இடத்தில். நல்லவேளை, தரையில்தான். தூண்களின் அடியில் போல்ட் முடுக்குவார்.

உச்சி வளைவைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். உள்ளே என்ன என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். வண்டி தலைகீழாகத் தொங்கி நிற்குமாம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பாதியில் தண்டவாளமே இருக்காது, வண்டி தாவும் என்றாள் என் நாத்தனார். இவரோ சோற்றில் கரண்டியைத் தூண் மாதிரி நட்டு, அடியை லேசாக அசைத்துக் காட்டுவார்.

"அடியில ஒரு நூல் அசைஞ்சா உச்சியில ஒரு சாண் ஆடும். போல்ட்டை நான் முடுக்கிட்டேன், சரி. கீழ இருக்கிற கான்கிரீட் எப்படியோ, யார் கண்டா? அந்த நாலாவது தூண நினைச்சாத் தூக்கமே வரல."

"இன்ஜினியர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சோதிச்சுப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னாரு. என் பயம் கேக்க மாட்டேங்குதே!"

முதல் ஓட்டத்தில் வேலையாட்கள் வீட்டுக்கு ஒருவர் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று இவர் முகம் வெளுத்துப் பூங்கா வாசலிலேயே குந்திவிட்டார். "பயந்தாங்கொள்ளி வரலையா?" என்று மேஸ்திரி இளித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் கேலி செய்யலாம், ஊரான் செய்யலாமா?

"நான் ஏறுறேன்" என்றேன்.

"வேணாம்டி, சொன்னாக் கேளு." கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன். வீம்பு, வேறென்ன?

இடுப்புப் பட்டை பூட்டிக்கொண்ட பிறகுதான் புத்தி வந்தது. வண்டி கடகடவென்று ஏற ஏற, முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தார்ப்பாய் எடுத்த இடத்தில் இருந்தது வெறும் வளைவுதான். ஆனால் அதைத் தாங்கி நின்றது நாலாவது தூண். இருக்கை அதிர்ந்தது. ஐயோ, அந்தக் கரண்டி!

கீழே பார்த்தேன். எல்லோரும் கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் உள்ளே, அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"தள்ளிப் போங்க!" என்று அலறினேன். வண்டி கவிழ்ந்தாற்போல் பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் அலறினார்கள், என் குரல் அதில் போய்விட்டது.

இறங்கி ஓடினேன். காவல்காரர் இழுத்தும் என் வீட்டுக்காரர் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இங்க என்ன பண்றீங்க? தூண் சாஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அதான் நின்னேன். நீ மட்டும் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"