ஓரிதழ் தாமரையின் ஐந்து இதழ்கள்

"புல்லுப் பாக்கதுக்கா ஏளா காலேஜுக்குப் போற?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆமாம், தாவரவியல் படிக்கிறேன், புல் பார்க்கத்தான் போகிறேன்.

தருவைகுளம் தாண்டியதும் பஸ் பஞ்சர். டயர் மாற்றி முடிப்பதற்குள் சாலையோரப் புல்வெளியில் ஓரிதழ் தாமரை என்ற மூலிகைச் செடியைத் தேடுகிறேன். வேர், பூ, காய் மூன்றும் உள்ள ஒரு செடி கிடைத்தால் போதும், தாளில் அழுத்திக் காயவைத்த பிறகு கல்லூரியின் தாவர மாதிரி அலமாரியில் என் பெயரோடு இருக்கும்.

ஆடு மேய்க்கும் அக்காவிடம் அடையாளம் சொல்கிறேன்.

"ஏளா, அது மேலதான நீ நிக்க!" என்று சிரிக்கிறார்.

காலை எடுக்கிறேன். சாண் உயரச் செடி, நகத்தளவு ஊதாப் பூ. லென்ஸில் பார்த்தால், பெரிய இதழை ஒட்டி நொய்யரிசி போல இன்னும் நான்கு இதழ்கள். அதேதான்! அக்காவிடமும் லென்ஸைக் கொடுக்கிறேன்.

"எம்மா, ஒத்த இதழ்னுல்லா நெனச்சிருந்தேன்! அப்ப எங்க ஆடுவ இத்தன நாளும் அஞ்சையுமா தின்னுருக்கு?"

ஆனால் செடியில் காய் இல்லை, ஆடு கடித்துவிட்டது.

"ஓடைக்கரையில இன்னும் ஆட்ட விடல. அங்கன காயோட நிக்கும், வா."

கண்டக்டர் விசில் ஊதுகிறார். என் துணிப்பையை நான் ஏற்கெனவே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டேன்.