கிணற்றுத் தண்ணீரில் நாற்பத்து நான்கு

மூன்றடி மண்ணுக்கு அடியில் மண்புழு கொட்டாவி விட்டால்கூட, அது யாருடைய வயல் என்று குப்பிக்காரர் சொல்லிவிடுவார். இதில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். கொட்டாவியெல்லாம் கேட்காது. ஆனால் பயிர் தின்றது போக மிஞ்சிய யூரியா எந்த வயலில் எவ்வளவு கீழே இறங்கியது என்று பதினொரு வருடமாக அளந்து வருகிறார். ஒரு குப்பிகூடக் கெட்டதில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஜம்பம்.

வயலில் புதைத்த குழாயில் பம்பை மாட்டி உறிஞ்சினால் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்கும். பக்கத்துக் கிணற்றிலும் ஒரு குப்பி. உடனே ஐஸ் பெட்டிக்குள் போட வேண்டும். வெயிலில் விட்டால் அதிலுள்ள கிருமிகள், யூரியா மண்ணில் மாறி உண்டான நைட்ரேட்டை ருசி பார்த்துவிடும். அப்புறம் வருகிற எண்ணை நம்ப முடியாது.

பேச்சுத்துணைதான் கிடையாது. வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், மற்றதில் மடிக்காத துணி. ரேடியோ மணி சொன்னால் "சரிங்க" என்பார். விவசாயிகளோ அவர் தலையைக் கண்டாலே, என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறாரோ என்று உள்ளே போய்விடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மேட்டுவயல் அக்கா கிணற்றடிக்கே வந்து, "தம்பி, காபி ஆறுது, வாங்க" என்றாள். பேத்தி வரப்போகிற சந்தோஷத்தை அவளும் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. போய் உட்கார்ந்தார். குப்பி கிணற்றுச் சுவரில் வெயில் காய்ந்தது.

நினைவு வந்து எடுத்தபோது வெதுவெதுவென்று இருந்தது. கொட்டிவிட்டு வேறு எடுத்திருக்கலாம். கிணற்றடியில் அதற்குள் ரிப்பேருக்கு வந்த மோட்டார்க்காரர் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். குப்பிக்காரர் அதே குப்பியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, ஆய்வுக்கூடத்தில் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டார்.

நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்து நான்கு மில்லிகிராம் என்று வந்தது. போன தடவை அறுபத்தொன்று. ஐம்பதைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்துப் பெண் நல்ல சேதிதானே என்று அக்காவுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டாள். மூன்று மாதப் பேத்தி மறுநாள் வருகிறாள்; இனிமேல் கேன் தண்ணீர் வேண்டாம் என்று அக்கா சொன்னாளாம்.

குப்பிக்காரர் பதிவேட்டில் அந்த எண்ணை அடித்து, 'செல்லாது' என்று எழுதினார். பதினொரு வருடத்தில் முதல் அடித்தல். பிறகு பைக்கை எடுத்தார்.

"கிணத்துத் தண்ணிய புள்ளைக்குக் குடுத்துடாதீங்கக்கா. அந்த நாப்பத்து நாலு தப்பு."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் என்ன பண்ணும்? நான்தான் குப்பிய வெயில்ல விட்டுட்டேன்."

"அடப்பாவி! பால்பவுடர் கரைக்கக் குடம் நெறைய எடுத்து வச்சிருக்கேனே! காய்ச்சினா சரியாயிடாதா?"

"காய்ச்சினா தண்ணிதான் வத்தும். நைட்ரேட் அப்படியே நிக்கும்."

அக்கா குடத்தைத் தூக்கி வந்து செடிகளுக்கு ஊற்றினாள். உட்காரச் சொல்லவில்லை. இனி இதுவும் மற்ற வாசல்களைப் போலத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"ஏதோ பேச்சு சுவாரசியத்துல ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்துட்டேன். மன்னிச்சுக்குங்கக்கா."

"அரை மணியா?" அக்கா குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "பத்து மணிக்கு உட்கார்ந்தீங்க தம்பி. எந்திரிக்கறப்ப ஒண்ணே கால்."