ஒப்பீட்டு வீட்டுக்காரி

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் எழுந்தது. அவர்களுடைய மனைவிமார் அதற்கு வெகு நாள் முன்பே ஒன்றை எழுப்பிவிட்டிருந்தார்கள், செங்கல் செலவில்லாமல். தம்பி மனைவி தையல்காரி. அண்ணன் மனைவியை எல்லோரும் மூத்தவள் என்பார்கள்; வயதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை என்பது தையல்காரியின் கட்சி.

ஓரகத்திகள் இருவரும் முகம் பார்த்துப் பேசி வருடங்கள் ஆகிவிட்டன. அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை. பொதுவாக இருந்த பின்முற்றத்தில் தையல்காரி வாளியைப் பார்த்துப் பேசுவாள், மூத்தவள் துடைப்பத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். அந்த வாளியும் துடைப்பமும் வாங்கிக்கட்டிக்கொண்ட அளவுக்கு அந்தத் தெருவில் எந்தக் குடிகாரனும் வாங்கியதில்லை.

இந்தப் பகை ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் இலவசமாகக் கொடுத்தால், மிச்சமாகும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் சம்பாதிக்கப் போவாளா? இதுதான் ஆய்வு. அதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க அதே வசதியில் மெஷின் இல்லாத ஒரு வீடு பக்கத்திலேயே வேண்டும். மெஷின் சுவர் தாண்டி இரவல் போகவும் கூடாது. "பக்கத்து வீட்டோட பேச்சுவார்த்தை உண்டா?" என்று நிறுவனம் அனுப்பிய கேள்விக்காரப் பெண் கேட்டதற்கு, "அந்த மூஞ்சியோடயா?" என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில் வந்தது. ஆய்வாளருக்கு வாயெல்லாம் பல்.

குலுக்கலில் மெஷின் மூத்தவளுக்கு விழுந்தது.

தையல்காரிக்கு வயிறெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் வயிற்றை விட அவளுக்குப் பெரிய கவலை வலது மணிக்கட்டு. "துணி பிழியறத விடுங்க, இல்ல தையல விடுங்க. ரெண்டையும் இந்தக் கை தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கையால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கணவர் வேலை தேடுவதில் நல்ல அனுபவசாலி.

"எனக்கு என்ன சார்?" என்று ஆய்வாளரிடமே கேட்டாள்.

"நீங்கதாம்மா ஒப்பீட்டு வீடு. நீங்க எதையும் வாங்காம இருக்கறதே பெரிய பங்களிப்பு."

"அந்தப் பங்களிப்பப் பொறந்ததுலருந்து பண்ணிட்டுத்தானே சார் இருக்கேன்."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எத்தனை சதவீத வீடுகள், எத்தனை சதவீதப் பெண்கள் என்று பேசிக்கொண்டே போனார். அன்றிலிருந்து அவருக்குச் சதவீதம் என்று பெயர். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: இரண்டில் ஒரு வீடு விலகினாலும் ஜோடி ரத்து, மெஷின் வாபஸ். அதை மட்டும் தையல்காரி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மூத்தவள் சம்பாதிக்கப் போகவில்லை, படுத்துத் தூங்கினாள். எழுந்த நேரத்தில் துடைப்பத்திடம், "சில பேருக்குக் கை வலிச்சாலும் வாய் மட்டும் வலிக்கறதே இல்ல, பாரேன்" என்றாள்.

பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருந்த வாரம், தையல்காரியின் கையிலிருந்து கத்தரிக்கோல் தானாக நழுவி விழுந்தது. அழுக்குக்கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே மூத்தவள் வீட்டுக்குள் போனாள். பேச்சு மெஷினோடு.

"ஏ மெஷினே, நாளைக்கு அந்தப் பொண்ணு வந்தா நான் விலகிக்கறேன்னு சொல்லப்போறேன். நீ மூட்டையக் கட்டிக்கோ."

"மிரட்டறாளாம்" என்றாள் மூத்தவள், துடைப்பத்திடம்.

"கூடைய இங்கயே வெச்சுட்டுப் போற யோசனையும் இருக்கு."

மூத்தவள் துடைப்பத்தால் கூடையைக் கிளறிப் பார்த்தாள். "சாயம் போற துணிய என் வெள்ளையோட கலந்தா நடக்கறதே வேறன்னு சொல்லு."

அப்படியாக உடன்படிக்கை ஆனது. அதன் பிறகு கேள்விக்காரப் பெண் வரும் நேரத்தில் தையல்காரி முழங்கை வரை சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பாள்.

"போன வாரம் துவைக்க எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?"

"நேரத்த யாரு பாத்தா? இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. நீயே ஒண்ணு போட்டுக்கோ."

துவைப்பதில்தான் பொய். வருமானத்தில் நிஜத்தையே சொன்னாள். பெருமையை மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. கை தேறிவிட்டது, நேரமும் கிடைத்தது, ஆர்டர் குவிந்தது. மூத்தவளும் நிஜத்தையே சொன்னாள்: தூங்கினேன்.

மெஷின் உள்ளவள் தூங்குகிறாள், கையால் துவைப்பவள் சம்பாதிக்கிறாள். கையால் துவைப்பது பெண்களின் உழைப்பூக்கத்தை வளர்க்கிறது என்று சதவீதம் எழுதினார். அதை அவர் வாசித்த அரங்கத்தில் கைதட்டினார்கள், அதுவும் கையால்தான். மெஷினுக்குப் பணம் கொடுத்திருந்த அரசு இலாகா கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மெஷின்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வீட்டுக்கொரு துவைக்கும் கல்லை இலவசமாகக் கொடுத்தது.

கல்லைப் பார்வையிடச் சதவீதமே வந்தார். "இந்தத் திட்டத்துக்கே உங்க வீடுதாம்மா வழிகாட்டி."

தையல்காரி வலது கையை நீட்டிக் காட்டினாள். "சார், நான் துவைக்கவே இல்ல. எல்லாம் அவ மெஷின்லதான் போட்டேன். டாக்டர் துணியே பிழியக் கூடாதுன்னுட்டார்."

"நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லன்னு பதிவாகியிருக்கே." அவர் மூத்தவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவங்க துணிய உங்க மெஷின்ல போட்டாங்களா?"

தையல்காரி வருடங்கள் கழித்து மூத்தவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இவ துணியா? என் மெஷின்லயா?" என்றாள் மூத்தவள்.

சதவீதம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். முற்றத்தில் இரண்டு கல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதல் துணியைப் பிழிந்ததுமே தையல்காரியின் மணிக்கட்டு டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. பக்கத்துக் கல்லில் மூத்தவளும், பழக்கம் விட்டுப்போன கையோடு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொன்னா வாயில முத்தா உதிர்ந்திருக்கும், வாளியே?"

"அந்தச் செவப்புத் துணிய உள்ள போட்டு என் வெள்ளையெல்லாம் நாசமாக்கினது யாருன்னு கேளு, துடைப்பமே."

தையல்காரி தன் கையைப் பார்த்தாள். அப்போது பிழிந்துகொண்டிருந்ததும் அதே சிவப்புத் துணிதான். தண்ணீர் இன்னமும் சிவப்பாகத்தான் ஓடியது. அன்று மாலை தையல் மெஷின் ஓடவில்லை.