நோமுசா என்று பெயர் கொண்ட பிரமுகர்கள்

பிள்ளைகளே, மூன்று பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். மூத்தவள் சத்தமாகப் படிக்கட்டும். அவளைப் பற்றியதுதான்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் அவளை எழுப்பி, அவள் பெயரான நோமுசா யாருடைய பெயர் என்று கேட்டாராம். இவள், ஆப்பிரிக்காவின் பெரிய கல்வியாளர் பெயர் என்றாளாம். வகுப்பே கைதட்டியதாம். சின்னவன் வந்து அதைச் சொன்னபோது நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கைதட்டல் போய்ச் சேர வேண்டிய ஆளுக்குச் சேரவில்லை. அதற்கு நான்தான் காரணம். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், கோவையாக எழுத வராது. வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் வாடகை ஓட்டு வீடு. மத்திகிரி மாட்டுப் பண்ணையின் தீவனக் கிடங்கில் எனக்கு வேலை. வண்டியில் வரும் சோளத்தட்டை எடை போட்டு இறக்கி, கொட்டகைகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும்.

என் பெரியப்பா சின்ன வயதிலேயே கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய கப்பலில் நேட்டாலுக்குப் போனவர். அது தென்னாப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கும் பகுதி. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், அங்கேயே ஒரே ஒரு மகள். எனக்கு அக்கா, உங்களுக்கு அத்தை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, பேசுகிற மாதிரியே எழுதுவார். உங்கள் அம்மாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வந்த கடிதத்தில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"தம்பி, நான் பொறந்த அன்னைக்கே எங்கம்மா போய்ட்டாங்க. பக்கத்து லைன் வீட்ல ஒரு ஜூலு பொம்பளை, இந்த மண்ணுக்காரங்க, பேரு நோமுசா. அவங்க பிள்ளைக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்னு எட்டு மாசம் பால் குடுத்தாங்க. இப்ப கவர்மென்ட்டு நிறம் பாத்து ஊரைப் பிரிச்சுடுச்சு. அவங்களை லாரியில ஏத்திக்கிட்டுப் போய் எங்கியோ எறக்கிட்டாங்க. தேடிப் பாத்தேன், தெரியல. எனக்கும் பிள்ளை இல்ல. உனக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்தா அந்தப் பேரை வை. பேராவது நம்ம வீட்ல இருக்கட்டும்."

சரி என்று அன்றைக்கே பதில் போட்டேன். பிறகு மூத்தவள் பிறந்தாள். இனி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைக்க வேண்டியதுதான் என்று இருந்தோம்.

அப்போது நம் சபையை உண்மையில் நடத்தியவர் போதகரான ஐயர் அல்ல. ஐயர் சாது, ஜெபம் பண்ணுவதோடு சரி. நடத்தியவர் செயலாளர். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கையெழுத்துப் போட ஒரு தாளும் இல்லாமல் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததாகவும், சபையில் செயலாளர் ஆனதும் அது நின்றுவிட்டதாகவும் சொல்வார்கள். அதற்குப் பிறகு கோயிலில் துடைப்பம் தேய்ந்தாலும் விண்ணப்பம் கொடுத்துத்தான் புதிது வாங்க வேண்டும்.

பெயர் விஷயத்திலும் அவர் ஒரு படிவம் வைத்திருந்தார். சபையில் ஒருவர் தன் மகனுக்கு ஒரு சினிமா நடிகரின் பெயரை வைக்க, அடுத்த மாதமே இன்னொருவர் எதிர் நடிகரின் பெயரை வைத்தார். இரண்டு தகப்பன்மாரும் ஆராதனை முடிந்து வெளியே வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. அதிலிருந்து சட்டம் வந்தது. வேதத்தில் உள்ள பெயர் என்றால் தடையில்லை. மற்ற எந்தப் பெயராக இருந்தாலும், அதே பெயர் கொண்ட பிரமுகர்கள் மூவரை எழுதிக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். அச்சகத்தில் கொடுத்துப் படிவமே அடித்து வைத்திருந்தார். எண் போட்ட மூன்று வரி, கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம்.

சட்டம் போட்டவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டேன், விவரம் மட்டும். செயலாளருக்கு ஒரு வெள்ளைக்கார கவர்னர் பெயர். அந்தக் கவர்னர் மெட்ராசுக்கு வந்தார், காய்ச்சல் கண்டது, கப்பலேறிப் போய்விட்டார். வேறொன்றும் செய்ததாகச் செயலாளருக்கே தெரியாது. பொருளாளருக்கு இங்கிலாந்து ராஜா ஒருவரின் பெயர். தன் மனைவிமாரில் இரண்டு பேரின் தலையை எடுத்த ராஜா. கமிட்டியில் மூன்றாமவர் தளியில் முட்டைக்கோசும் பூவும் போடுகிற பெரிய விவசாயி. அவருக்கு உலகச் சண்டையில் தோற்று ஓடிய சக்கரவர்த்தி பெயர். பெயர் வைத்த சமயத்தில் அந்தச் சக்கரவர்த்தி ஜெயிக்கிற மாதிரி இருந்தாராம். மூத்தவளே, இந்த மூவரும்தான் உன் பெயர் தகுமா தகாதா என்று பார்த்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அங்கி மாற்றும் அறையில் என்னைக் கூப்பிட்டார்கள். நோமுசா யார் என்று செயலாளர் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். தாயில்லாத பிள்ளைக்கு எட்டு மாதம் பால் கொடுத்தவர் என்றேன்.

செயலாளர் பேனாவை மூடினார். "அதெல்லாம் பிரமுகர்ல வராதுப்பா. பால் குடுக்கிறதுன்னா, உங்க பண்ணையில எருமைகூடத்தான் குடுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயர்கூட இருமுகிற மாதிரி சிரித்தார். பிள்ளைகளே, நானும் சிரித்தேன். பெரிய மனிதர்கள் சிரிக்கும்போது சும்மா நின்றால் மரியாதையாக இருக்காது என்று சிரித்தேன். உங்களிடம் இதை மறைக்கக் கூடாது.

பொருளாளர் இளகிய மனசுக்காரர். அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். அக்கா எழுதியிருந்ததால் தெரியும். கிருபை என்றேன். "அப்ப கிருபைன்னே வெச்சுட்டுப் போயேன். படிவமே வேணாம்" என்றார். ஞாயிறு பள்ளியில் கிருபை என்று கூப்பிட்டால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும். அந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். அர்த்தத்தை வை என்று அக்கா கேட்கவில்லை, பெயரை வை என்றுதான் கேட்டார். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மாவும் அதையே சொன்னாள். "ஏங்க, கிருபைன்னே வெச்சுடலாங்க. அக்கா என்ன, கப்பலேறி வந்து பாக்கப் போறாங்களா?"

வந்து பார்க்க முடியாதவர் என்பதால்தானே ஏமாற்றக் கூடாது என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள். அதற்கு எங்கள் வீட்டில் சம்மதம் இல்லை என்று அர்த்தம்.

அந்த வாரமே பண்ணையில் ஒரு பொலிகாளைக் கன்றுக்குப் பெயர் வைத்தார்கள். மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயர். அவர் போன சந்தோஷத்தில் வைத்தார்களா, வருத்தத்தில் வைத்தார்களா தெரியாது. யாரும் படிவம் கேட்கவில்லை. கன்று காதை ஆட்டியது, முடிந்தது.

பிரமுகர்களைத் தேடி நான் பெங்களூருக்கு பஸ் ஏறினேன். அங்கே பெரிய நூலகத்தில் உலகத்துப் பிரமுகர்கள் எல்லாரும் அகரவரிசையில் இருப்பதாகப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொல்லியிருந்தார். நூலகர் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி மத்தியானம் வரை தேடினேன். நோமுசா இல்லை. பந்தயத்தில் ஜெயித்த ஒரு குதிரைக்கு அரைப் பக்கம் கொடுத்து, படமும் போட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அக்காவுக்கே எழுதினேன். 'மேற்படி பெயருள்ள பிரமுகர்கள் மூவர் தேவை. உடன் அனுப்பவும்.' பண்ணையில் தீவனம் கேட்டு எழுதி எழுதி என் கை அப்படித்தான் போகும்.

பதில் வர மூன்று மாதத்துக்குக் கிட்ட ஆயிற்று. அதற்குள் நீ குப்புற விழுந்து, உட்கார்ந்து, தவழ ஆரம்பித்துவிட்டாய். பெயரில்லாத பிள்ளையை அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீ எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தாய். அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது என்று தினமும் கேட்டாள்.

அக்காவின் கடிதம் இப்படி இருந்தது:

"பிரமுகர்னா பேப்பர்ல படம் வர்றவங்களா தம்பி? இங்க பேப்பர்ல படம் வர்றவங்கதான் எங்க வீட்டை இடிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச நோமுசாங்களை எழுதறேன். எனக்குப் பால் குடுத்தவங்க, அவங்களை மொதல்ல போடு. அப்புறம் வெள்ளைக்காரர் வீட்டுப் படிக்கட்டு தேய்க்கிற நோமுசா. முப்பது வருசமா அந்த வீட்டுச் சாவி அவங்க இடுப்புலதான். அப்புறம், இந்த பஸ்சு உங்க ஆளுங்களுக்கு இல்லைன்னு எறக்கிவிட்டதும், பஸ்சுக்கு முன்னாடியே உக்காந்து அதை நகர விடாம பண்ணுன நோமுசா. அப்புறம் பள்ளிக்கூடத்தை மூடுனதும் மரத்தடியில பிள்ளைங்களை உக்கார வெச்சு, மண்ணுல எழுதிச் சொல்லிக் குடுத்த நோமுசா. போதுமா? எங்க தெருவுலயே இன்னும் ஆறு பேரு இருந்தாங்க."

படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில் பால் என்று எழுதப் போனபோது எருமை ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பும் வந்தது. பேனா நகரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், வரிகள் மூன்று, ஆட்கள் நான்கு பேர்.

ஆபீஸ் எழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பண்ணையில் மாடு செத்தால் செத்தது என்று எழுத மாட்டார்கள், 'இருப்பிலிருந்து நீக்கப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள். அந்த வழியிலேயே நானும் போனேன். ஒன்று, நோமுசா, திறந்தவெளிக் கல்வி முறையின் முன்னோடி. இரண்டு, நோமுசா, மாளிகை ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பாளர், முப்பதாண்டு அனுபவம். மூன்று, நோமுசா, போக்குவரத்துப் பிரச்சினையில் நேரடியாகத் தலையிட்டவர். மூன்று வரியும் நிரம்பியது. அக்கா யாரை முதலில் போடச் சொன்னாரோ அவருக்கு இடமில்லை.

செயலாளர் அதைச் சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மொதல்லயே இதைச் சொல்லியிருக்கலாம் இல்லப்பா? என்னென்னமோ சொன்னியே அன்னைக்கு."

தளிக்காரர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக, மாளிகை எவ்வளவு பெரிசு என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "படிக்கட்டு ரொம்ப இருக்குமுங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். செயலாளர் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே ஒரு கோடும் இழுத்தார். கையெழுத்து பிடித்துப்போனால் கோடு இழுப்பார்.

ஞானஸ்நானத்தன்று உன் தலையில் தண்ணீர் விழுந்தபோது நீ ஐயரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செயலாளர் எழுந்து, ஆப்பிரிக்கக் கல்வி மேதையின் நாமம் நம் சிறிய சபைக்குக் கிடைத்திருக்கிறது என்று அறிவித்தார். ஐயர் அதைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் கல்வியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு மாதக்கணக்கில் இருந்த கோபம் அந்தக் கால்மணி நேரத்தில் போய்விட்டது. அடுத்த வருஷம் பொருளாளரின் பேத்திக்கும் அதே பெயர் வைத்தார்கள். ஆதாரத்துக்கு என் படிவத்தையே பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

பெயர் வைத்தாயிற்று, படிவத்துக்கு அனுமதியும் கிடைத்தது என்று அக்காவுக்கு எழுதினேன். அவரிடமிருந்து வந்த கடிதத்தில் நிறைய சந்தோஷம் இருந்தது, குழந்தைக்கு முத்தங்கள் இருந்தன. கடைசியில் ஒரு வரி: "மொதல்ல அவங்களைத்தான போட்டே?"

நான் அதற்குப் பதில் எழுதவில்லை. அக்கா உங்களை விசாரித்தார், மழையை விசாரித்தார், எல்லாவற்றுக்கும் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுதவில்லை. அதற்குள் ஊரில் எல்லாரும் உன்னைக் கல்வியாளர் என்றே கொஞ்சினார்கள். வாய் திறந்தால் பெயரைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயமாகவும் இருந்தது. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. உன்னிடம்கூட நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் அப்போதே செய்தேன். சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது முறைவைத்து வரும். என் முறை வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெஞ்சுகளைத் துடைத்து முடித்தபின் அங்கி அறைக்குப் போனேன். அலமாரிச் சாவி ஆணியில்தான் தொங்கும். கோப்பை எடுத்து, நாடாவை அவிழ்த்து, என் படிவத்தைத் தேடிப் பிடித்தேன். ஒன்றை இரண்டாகத் திருத்தினேன், இரண்டை மூன்றாக, மூன்றை நான்காக. மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் புதிதாக ஒன்று என்று எண் போட்டு, பொடி எழுத்தில் எழுதினேன்: 'நோமுசா. தாயில்லாத பிள்ளைக்கு எட்டு மாதம் பால் கொடுத்தவர்.' கீழே செயலாளரின் கையெழுத்தும் கோடும் அப்படியே இருந்தன. மை காயும்வரை ஊதிவிட்டு, கோப்பைக் கட்டி உள்ளே வைத்தேன்.