வற்றிய மாட்டுக்குப் புண்ணாக்கு

அப்போது நாங்கள் சேக்காட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மாடு என் பொறுப்பு. ஒரே ஒரு கலப்பின மாடு. காலையில் கறந்ததும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புண்ணாக்கு விலை மாதாமாதம் ஏறியது. பால் விலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடு மேய்ந்துகொண்டிருந்த தரிசிலும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். வைக்கோலையும் காசு கொடுத்து வாங்கும்படி ஆனது.

மாடு சினையாகி, கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது பாலை வற்ற விட்டோம். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பால் தராத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டேன். வைக்கோலும் கழனித் தண்ணீரும்தான். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தொட்டியை நக்கிவிட்டு அது என்னைப் பார்க்கும். நான் பார்க்காத மாதிரி வந்துவிடுவேன்.

ஆனி கடைசியில் கிடேரிக் கன்று போட்டது. சீம்பால் நாட்கள் கழிந்து கறக்க உட்கார்ந்தால், போன ஈத்தில் கறந்ததில் பாதிகூட வரவில்லை. குவார்ட்டர்ஸில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "ஒரு நாள் ஊத்துறீங்க, ஒரு நாள் இல்லங்கிறீங்க. புள்ளைக்கு நான் எதைக் குடுக்க? பாக்கெட்டே வாங்கிக்கிறேன்க்கா." அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிடும்போது கேட்டார்: "இன்னாமே, மாட்டுக்கு நாம சம்பாரிக்கிறமா, நமக்கு மாடு சம்பாரிக்குதா?"

நான் குழம்பை ஊற்றினேன்.

"ஆடில மாட்ட கைமாத்தக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், தரகர இட்டாந்துர்றேன்."

"கன்னு பொறந்து மாசங்கூட ஆவலியே."

"அத்தயும் சேத்துதான்."

ஆக, எனக்கு ஒரு மாதம் இருந்தது. மறுநாள் சொசைட்டியில் பால் அளக்கிற பெரியவர் என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, தீர்த்தமா கொணாந்து கீறே? வத்துன மாட்டுக்குத் தீனி போட்டியா?"

"பால் இல்லாத மாட்டுக்கு இன்னாத்துக்குண்ணா?"

"வயித்துல கன்ன வச்சிகினு பட்டினி கெடந்தா மடில எங்கேர்ந்து வரும்? புள்ளத்தாச்சியா இருந்தப்போ உன் ஊட்ல உன்னிய அப்டி போட்டிருந்தா சும்மா உட்டிருப்பியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இப்பவாச்சும் போடு. பூராவும் திரும்பாது. கொஞ்சம் வரும்."

போடலாம். எதைக் கொண்டு போட? வீட்டில் இருந்த ஒரே காசு சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கைதான். கன்று நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் செலுத்தச் சேர்த்தது. அதைத் தொடுவதா? இரண்டு நாள் மாடத்துப் பக்கமே போகாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன். "முருகா, நீ குடுத்த உயிருக்குத்தான் போடறேன். அபராதத்தோட திருப்பிக் கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பிடித்தேன். இறுகிக் கிடந்தது. சாமி காசில் எச்சில் படக்கூடாது என்று பல்லை வைக்காமல், கொண்டை ஊசியால் நெம்பி அவிழ்த்தேன்.

அன்றிலிருந்து கடலைப் புண்ணாக்கும் தவிடும் ஊறவைத்தேன். கிருத்திகையன்று தெருவே மஞ்சள் உடுத்திக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பியது.

"நீ கெளம்பலியா?" என்றார் வீட்டுக்காரர்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

அவர் மாடத்தைப் பார்த்தார். மஞ்சள் முடிச்சு அங்கே இல்லை.

ஆவணி பிறந்த வாரத்தில் தரகர் வந்தார். அதற்குள் பால் மெல்ல மெல்லக் கூடியிருந்தது. போன ஈத்து அளவு இல்லை. ஆனால் சொசைட்டியில் தலை குனியாமல் நிற்கிற அளவு. தரகர் மடியைத் தொட்டுப் பார்த்து விலை பேசினார். வீட்டுக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"மாடு அவுளுது. அவுளயே கேளு."

விற்கிறதில்லை என்றேன். தரகர் போன பிறகு வீட்டுக்காரர், "புண்ணாக்குக்குத் துட்டு ஏது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முருகங்கிட்ட கைமாத்து வாங்கிகினியா. சொசைட்டி லோனுக்கு அவுரு எவ்வளவோ தேவல."

குவார்ட்டர்ஸ் அம்மா திரும்பி வரவில்லை. பால் விலையும் அந்த வருஷம் ஏறவில்லை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் இரண்டு பேருமே திருத்தணிக்குப் போய், எடுத்ததோடு அபராதமும் சேர்த்து உண்டியலில் போட்டோம்.

அதற்குப் பின் மாட்டை மறுபடி வற்ற விட்டபோது, காலையில் நான் எழுந்து வருவதற்குள் தொட்டியருகே சத்தம் கேட்டது. வேலைக்குப் போகிற சட்டையோடு அவர் குனிந்து நின்று, ஊறின புண்ணாக்கைக் கையால் கரைத்துக்கொண்டிருந்தார்.