அம்மாவுக்குப் பேச்சு சரியில்லை

இந்த மாண்ட்ரியல் நகரத்தில், எனக்குப் புரியாத ஒரு மொழியை நாளெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஆவணப்படங்களுக்கு ஒலி சீர்செய்வது என் வேலை. இப்போது கையில் இருப்பது ஒரு கவிஞரைப் பற்றிய படம். இன்னு என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த அம்மையார், அறுபது வயதிருக்கும். திரையின் அடியில் ஓடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வைத்துச் சொல்கிறேன்: ஒரு காட்சியில் அவருடைய கிராமத்து உச்சரிப்பைக் கேட்டு வேற்றூர்க்காரர் ஒருவர் சிரிக்கிறார். "என் அம்மா சொன்னபடிதான் சொல்வேன்" என்று கவிஞர் அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு முகம் சுட்டது.

சின்ன காஞ்சிபுரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் அம்மாவின் குரல் தெருக்கோடிவரை கேட்கும். "இன்னாப்பா நின்னுக்கினே இருக்குற, உக்காரு" என்றால் போலீஸ்காரரும் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு இங்குள்ள தமிழ் நண்பர்கள் என் வீட்டில் கூடியிருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள். வந்துக்கினு, போய்க்கினு என்று பேசித் தள்ளினாள். யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "அம்மா, கொஞ்சம் ஒழுங்கா தமிழ் பேசேன்" என்றேன், அத்தனை பேர் எதிரிலும். அன்றிலிருந்து அவள் பேச்சு "சாப்ட்டியா", "சரிப்பா" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. எனக்குக் கொழுப்பு, வேறென்ன?

போன மாதம் கவிஞர் ஒலிக்கூடத்துக்கு வந்தார். "உன் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமே" என்றார். எந்தச் சனியன் நாக்கில் உட்கார்ந்ததோ, "அவளுக்குப் பேச்சு சரியில்லை" என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டு என் கைகளைப் பற்றினார்.

"ஐயோ, பக்கவாதமா? எப்போதிலிருந்து?"

"இரண்டு வருடமாக" என்றேன்.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், "அம்மாவுக்குப் பேச்சு திரும்பியதா?" என்று விசாரித்தார். தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு கவிஞருக்காக உன் குரலைப் பதிவுசெய்ய வேண்டும் என்றேன்.

"இன்னு ஜனம்மா அவங்க."

"இன்னுன்னா இன்னாதுப்பா?"

"அவங்க பாஷையில மனுசன்னு அர்த்தம்."

அம்மா பழையபடி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். நான் காஞ்சிபுரத்திலிருந்து பேசுகின்றேன். இங்கு மழை பெய்துகொண்டிருக்கிறது" என்று, செய்தி வாசிப்பவள் போல ஐந்து நிமிடம் பேசினாள்.

"நம்ம பேச்சுல பேசும்மா."

"வோணாம்பா. நாலு பேரு கேக்குறது, உனக்கு அசிங்கமா பூடும். டிவி நியூஸ் பாத்து கொஞ்சகொஞ்சமா பழகிக்கினு இருக்குறேன்."

மறுநாள் கவிஞர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "ஒரு தடங்கலும் இல்லாமல் பேசுகிறாரே! உன் அம்மாவுக்குக் குணமாகிவிட்டது!" என்றார். அவர் கண்ணில் நீர்.

மேஜையில் கிடந்த ஹெட்போனில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், எங்கள் தெருவில் யாருமே பேசாத தமிழில்.